டிம் டங்கனின் பேங்க் ஷாட்: கையை விட்டுவிட்டு இடத்தில் தொடங்குங்கள்

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு மட்டுமே 19 சீசன் ஆடிவிட்டு 2016 ஜூலையில் ஓய்வு பெற்றவர் கூடைப்பந்து வீரர் டிம் டங்கன். 1,392 ஆட்டங்கள், 26,496 புள்ளிகள், 15,091 ரீபவுண்டுகள் (விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்தது), என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் ஐந்து பட்டங்கள். ஆனால் அவர் ஆட்டத்தில் துண்டு வீடியோவாக வெட்டிப் போட்டுக் கைதட்டல் வாங்கும்படியான காட்சி குறைவு. இடது பக்கம் பந்தை வாங்குவார், திரும்புவார், தரையை விட்டு அதிகம் எழும்பாமல் ரிங்குக்குப் பின்னால் உள்ள போர்டில் அடிப்பார், பந்து ரிங்குக்குள் விழும். தடுக்க நிற்பவருக்கு அடுத்து என்ன வரும் என்று நன்றாகவே தெரியும். தெரிந்து பயனில்லை. இன்னொரு என்பிஏ நட்சத்திரமான ஷகீல் ஓநீல் அவருக்கு ‘பிக் ஃபண்டமென்டல்’ (அடிப்படைகளில் பெரியவர்) என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

இந்த ஷாட்டைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் மணிக்கட்டிலும் விரலிலும் தொடங்குகிறார்கள். பந்தைப் போர்டில் அடித்து ரிங்குக்குள் விழவைக்கும் இந்தப் பேங்க் ஷாட்டில் கைக்குக் கடைசி இடம்தான். எங்கே நிற்கிறோம் என்பது முதலில், கால் எப்படித் திரும்புகிறது என்பது அடுத்து, கை அதற்கும் பிறகு. டங்கனின் ஃப்ரீ த்ரோ கணக்கைப் பாருங்கள்: எதிரில் யாரும் கைநீட்டாத, நிதானமாக நின்று போடும் அந்த ஷாட்டில் அவருடைய மொத்த விகிதம் 69.6 சதவீதம். பெரிய ஷூட்டர் என்று சொல்லிக்கொள்ளும் எண் அல்ல அது. போர்டு, கோணம், கால் மூன்றையும் பிடித்துக்கொண்டு அவர் பிழைத்தார். அதனால்தான் சாதாரணக் கை உள்ளவரும் இதைக் கற்க முடியும்.

கீழே சொல்வதெல்லாம் வலது கைக்காரர் இடது பக்கம் நின்று போடும் ஷாட்டுக்கு. இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் டேப்பும் சாக்பீஸும்

பந்தைத் தொடுவதற்கு முன் போர்டை அளந்துவிடுங்கள். விதிப்படி போர்டு 1.80 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் உயரம். ரிங்குக்குப் பின்னால் வரைந்த கட்டம் 59 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம், அதன் கீழ்க்கோடு ரிங் மட்டத்தில் இருக்கும். ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், அதன் விட்டம் 45 செ.மீ. ரிங்கின் உள்விளிம்புக்கும் போர்டுக்கும் நடுவே 15 செ.மீ. இடைவெளி. ஏழாம் எண் பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. டங்கன் ஆடிய என்பிஏ மைதானங்கள் அடி, இஞ்சுக் கணக்கில் அமைந்தவை, சில செ.மீ. வித்தியாசம் வரும், பழகுவதற்கு அது பொருட்டல்ல.

உங்கள் மைதானத்தில் இதில் ஏதாவது தப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆட்கள் தொங்கித் தொங்கி ரிங்கின் முன்பக்கம் தாழ்ந்திருக்கும். போல்ட் தளர்ந்து போர்டு ஆடும். பெயின்ட் அடித்தவர் கட்டத்தைக் கைக்கு வந்தபடி வரைந்திருப்பார், அல்லது வரையாமலே விட்டிருப்பார். கட்டம் இல்லையென்றால் 5 செ.மீ. அகல வெள்ளை டேப் ஒட்டி நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த ரிங்கில் பழகாதீர்கள். அங்கே சரியாக விழும் பந்து நல்ல ரிங்கில் முன்விளிம்பில் இடிக்கும்.

இனி இடம். போர்டின் நடுவுக்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி வையுங்கள். ரிங்குக்குக் கீழே அல்ல, போர்டுக்குக் கீழே. நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் சரியாக வரும். அந்தப் புள்ளியிலிருந்து மைதானத்தின் நடுவை நோக்கி 2.6 மீட்டர் நேராக அளந்து, அங்கிருந்து ரிங்கைப் பார்த்து நிற்கும்போது உங்களுக்கு இடதுபுறமாக 2.6 மீட்டர் அளந்தால், போர்டுக்குச் சரியாக 45 பாகையில், சுமார் 12 அடி தூரத்தில் ஓர் இடம் கிடைக்கும். இதுதான் நடுக்குறி. புது விதிப்படி செவ்வகக் கீ (ரிங்குக்கு முன்னால் கோடு போட்டு அடைத்த பகுதி) வரைந்த மைதானமாக இருந்தால் இந்த இடம் கீயின் பக்கக்கோட்டுக்குச் சுமார் 15 செ.மீ. வெளியே, அந்தக் கோட்டில் தடித்த கட்டமாக வரைந்த பிளாக்குக்கு மேலே உள்ள சிறு கோட்டுக்கு ஏறத்தாழ நேரே வரும். 2010-க்கு முன்பு வரைந்த மைதானங்களில் கீ சரிவகமாக இருக்கும். அங்கே கோட்டை நம்பாமல் டேப்பை நம்புங்கள்.

அதே சாய்கோட்டில் இன்னும் இரண்டு குறிகள் வேண்டும். 1.4 மீட்டரும் 1.4 மீட்டருமாக அளந்தால் கிட்டக்குறி, போர்டிலிருந்து 2 மீட்டர். 3.2-ம் 3.2-மாக அளந்தால் தூரக்குறி, சுமார் 15 அடி. மூன்று குறிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கோணம் மாறாமல் தூரம் மட்டும் மாறுவதால், போர்டில் பந்து படும் இடமும் பெரும்பாலும் அதேதான். கோணத்தையும் தூரத்தையும் ஒன்றாக மாற்றிப் பழகினால் எது தப்பானது என்று கடைசிவரை பிடிபடாது.

பந்து போர்டில் எங்கே படவேண்டும்

பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்வது: கட்டத்தின் உன் பக்கத்து மேல் மூலையில் அடி. தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் மூலையிலேயே அடித்துக்கொண்டிருந்தால் பந்து ரிங்கின் உங்கள் பக்கத்து விளிம்பில் இடித்துத் திரும்புவதைப் பார்ப்பீர்கள்.

கண்ணாடியில் ஒளி திரும்புவது போலப் பந்தும் திரும்பினால், 45 பாகையிலிருந்து போடும் பந்து போர்டின் நடுக்கோட்டிலிருந்து 26 செ.மீ. தள்ளிப் படவேண்டியிருக்கும். பந்து அப்படித் திரும்புவதில்லை. ரப்பர் போர்டைக் கவ்வுகிறது. பக்கவாட்டில் போகும் வேகத்தில் நல்ல பங்கை அந்தப் பிடிப்பு தின்றுவிடுகிறது. ஆகவே பந்து வந்த கோணத்தைவிட நேராக வெளியே வரும். படவேண்டிய இடமும் நடுக்கோட்டிலிருந்து 20 செ.மீ. அளவுக்கு நெருங்கிவிடுகிறது. அதாவது கட்டத்தின் பக்கக்கோட்டுக்கு நான்கு விரல் உள்ளே. உயரம், மேல்கோட்டை ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழே.

2011-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரி சில்வர்பெர்க் என்ற பொறியியல் பேராசிரியரும் உடன் இருந்தவர்களும் ஏராளமான ஷாட்டுகளைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். 12 அடிக்குள்ளும், பக்கவாட்டில் சில இடங்களில் அதைத் தாண்டியும், நேர் ஷாட்டைவிட பேங்க் ஷாட் 20 சதவீதம் வரை கூடுதலாக விழும் என்பது அவர்கள் கண்டது. அதைவிடப் பயனுள்ள இன்னொன்றும் சொன்னார்கள். போர்டுக்குப் பின்னால் சுமார் எட்டரை செ.மீ. தள்ளி ஒரு செங்குத்துக் கம்பி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்திலிருந்து போட்டாலும் அந்தக் கம்பியைக் குறிவைத்தால் திசை சரியாக இருக்கும். இந்தக் கணக்கில், போர்டுக்கு நேர் எதிரே நிற்பதைப் பூஜ்யம் என்று கொண்டால், 30 பாகையில் பந்து நடுக்கோட்டிலிருந்து சுமார் 12 செ.மீ. தள்ளிப் படவேண்டும், 45-ல் 20, 60-ல் 35. கடைசி எண்ணைக் கவனியுங்கள். 60 பாகைக்கு மேல் போனால் படவேண்டிய இடம் கட்டத்துக்கு வெளியே, குறிவைக்க எந்தக் கோடும் இல்லாத வெற்றுப் போர்டில் விழுகிறது. கால் ஒரு சாண் நகர்ந்தாலும் படவேண்டிய இடம் வேகமாக மாறும். எண்ட் லைன் (போர்டுக்குப் பின்னால் உள்ள மைதானத்தின் எல்லைக்கோடு) ஓரத்திலிருந்து பேங்க் ஷாட் போடுவதை மறந்துவிடலாம்.

பந்து உண்மையில் எங்கே படுகிறது என்று கண்ணால் சரியாகச் சொல்ல முடியாது. சாக்பீஸைப் பொடித்துப் பந்தில் பூசிக்கொண்டு பத்து ஷாட் போடுங்கள். போர்டில் பத்துத் தழும்பு இருக்கும். வெள்ளைப் போர்டாக இருந்தால் நீல சாக்பீஸ். அந்தப் பத்துத் தழும்பும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கினால் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள், எல்லாம் தவறான இடத்தில் இருந்தாலும்கூட. ஒரே இடத்தில் தவறுவதைத் திருத்துவது சுலபம். நாலாபக்கமும் சிதறியிருந்தால் சிக்கல் கையில் இல்லை, காலில்.

போர்டுக்குப் போர்டு குணம் மாறும். கண்ணாடியும் தடித்த அக்ரிலிக்கும் பந்தை உயிரோடு திருப்பித் தரும். ஒட்டுப்பலகை மழையில் ஊறியிருந்தால், அல்லது போல்ட் ஆடினால், பந்து செத்துத் திரும்பும். மெதுவாக வருவதால் ரிங்கை அடையும் முன்பே அதிகம் கீழிறங்கும், பக்கவாட்டிலும் கூடுதலாக நகரும். அங்கே இன்னும் நான்கு விரல் உயரத்தில், உங்கள் பக்கம் கொஞ்சம் தள்ளி அடியுங்கள். தூசி படிந்த போர்டில் பிடிப்பு குறைந்து பந்து வழுக்கும். ஈரத்துணியால் துடைத்து, நன்கு காய்ந்ததும் தொடங்குங்கள். வேறு ஊரில் ஆட்டம் என்றால் வார்ம்-அப்பில் முதல் ஐந்து பேங்க் ஷாட்டை விழுகிறதா என்று பார்க்கப் போடாதீர்கள், போர்டு எப்படித் திருப்பித் தருகிறது என்று பார்க்கப் போடுங்கள்.

கால்

இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள்.

ரிங்குக்கு முதுகைக் காட்டி, முழங்கால் மடக்கி, கால்கள் தோள்பட்டை அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நில்லுங்கள். பாஸ் வரும்போது சின்னதாக எம்பி, இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையில் படும்படி பிடியுங்கள். இரண்டும் ஒன்றாகப் பட்டால்தான் எந்தக் காலை வேண்டுமானாலும் பிவட் (தரையில் ஊன்றி, நகராமல் சுழலும் கால்) ஆக்கும் உரிமை விதிப்படி கிடைக்கும். ஒரு கால் முன்னால் பட்டால் அதுவே பிவட். அதற்குப் பிறகு உங்கள் திட்டம் எதுவாக இருந்தாலும் நடக்காது.

டங்கன் இரண்டு பக்கமும் பலவிதமாகத் திரும்புவார். நீங்கள் முதலில் ஒன்றே ஒன்றைப் பழகுங்கள்: இடது கால் பிவட். ரிங்குக்கு முதுகு காட்டி இடது பக்கம் நிற்கும்போது உங்கள் இடது கால் கீயின் பக்கமும் வலது கால் எண்ட் லைன் பக்கமும் இருக்கும். இடது காலின் முன்பாதத்தில் எடையைப் போட்டு, வலது காலை முன்பக்கமாக, ரிங்கிலிருந்து விலகிய திசையில் சுற்றிக்கொண்டு வந்து ரிங்கைப் பார்த்து வையுங்கள். சுற்றும்போது பந்து வலது இடுப்புப் பக்கம் போகக் கூடாது. நெஞ்சுக்கு மேலே, முழங்கை இரண்டும் விரிந்து இருக்க வேண்டும். பந்தை இறக்கினால் பக்கத்தில் நிற்கும் குட்டையான கார்டு (ரிங்குக்குத் தள்ளி ஆடும் ஆட்டக்காரர்) தட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு சிறு கணக்கு இங்கே ஒளிந்திருக்கிறது. இப்படித் திரும்பி முடிக்கும்போது உடல் ஒன்று முதல் ஒன்றரை அடி வரை கீயின் பக்கம் நகர்ந்துவிடும். குறியின் மேலேயே நின்று பந்தை வாங்கினால் திரும்பிய பின் குறியைத் தாண்டி நிற்பீர்கள், கோணம் போய்விடும். பந்தை வாங்கும்போது உடல் குறியிலிருந்து ஓர் அடிக்குச் சற்று மேலே எண்ட் லைன் பக்கம் தள்ளி இருக்க வேண்டும். பந்தே இல்லாமல் முப்பது முறை திரும்பி, கால் எங்கே வந்து நிற்கிறது என்று சாக்பீஸால் குறித்தால் உங்கள் உயரத்துக்கான சரியான அளவு கிடைத்துவிடும்.

திரும்பியதும் வலது காலால் ஒரு ஜேப் ஸ்டெப், அதாவது தடுப்பவரை ஏமாற்ற முன்னால் வைக்கும் சின்ன அடி. 20 முதல் 25 செ.மீ., அவ்வளவுதான். தடுப்பவரின் முன்காலை நோக்கிக் குத்த வேண்டும். நீளமாகக் குத்தினால் எடை முன்னால் போய்விடும். திரும்ப எடுத்துக்கொண்டு ஷாட்டுக்கு எழுவதற்குள் அவரும் சுதாரித்துவிடுவார். குத்திய பிறகு அவர் இடுப்பைப் பாருங்கள், தலையைப் பார்க்க வேண்டாம். இடுப்பு பின்னால் போனால் காலை எடுத்துக்கொண்டு ஷாட். போகாமல் நெருங்கியே நின்றால் வலது பக்கம் ஒரு டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது) அடித்துக் கீயின் நடுவுக்குப் போய் ஹுக் (ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்துப் போடும் ஷாட்). பிவட்டான இடது கால் தரையை விட்டு எழும் முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் டிராவலிங், பந்தோடு விதியை மீறிக் காலெடுத்த தவறு. ஜேப் போட்டு டிரிபிளுக்குப் போகும்போது விழும் விசில்களில் பெரும்பாலானவை இதற்காகத்தான்.

கை

கால் சரியாக நின்றுவிட்டால் கையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பந்து நெற்றிக்கு மேலே, வலது கண்ணுக்கு நேரே. இடது கை பக்கத்தில் தாங்க மட்டும், தள்ளக் கூடாது. இடது கட்டைவிரல் கடைசி நொடியில் தள்ளினால் பந்து பக்கவாட்டில் சுழலும். நேர் ஷாட்டில் பக்கச் சுழல் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. போர்டில் பட்டதும் காட்டிக்கொடுத்துவிடும்: பந்து சுழலும் பக்கம் துள்ளி ஓடும்.

பின்சுழல் வேண்டும். பின்னோக்கிச் சுழலும் பந்தின் முன்முகம் மேலே ஏறிக்கொண்டிருக்கும். அது போர்டைத் தேய்க்கும்போது போர்டு பந்தைக் கீழே தள்ளும். பந்து வெளியே துள்ளாமல் ரிங்குக்குள் சரிவது அதனால்தான். விரல் நுனியில் இருந்து விட்டால் போதும், வேண்டுமென்று சுழற்ற வேண்டியதில்லை.

பந்து மேலே போய், உச்சியைத் தாண்டி, இறங்கத் தொடங்கும்போது போர்டில் படவேண்டும். ஏறிக்கொண்டே பட்டால் போர்டிலிருந்து மேலும் ஏறி ரிங்கைத் தாண்டிவிடும். கிட்டக்குறியில் இந்தத் தப்பு மிக அதிகம் நடக்கும், தூரம் குறைவு என்பதால் தட்டையாகத் தள்ளிவிடுகிறார்கள்.

எழும்புவது 10 முதல் 15 செ.மீ. போதும். உயரத்துக்காக எம்ப வேண்டாம், தாளத்துக்காக மட்டும் எம்புங்கள். எம்பிய இடத்திலேயே இறங்க வேண்டும். பின்னால் சாய்ந்து இறங்கினால் தூரம் கூடிப் பந்து கீழே அடிக்கும்.

தப்பைப் படித்துப் பாருங்கள்

இடது பக்கம் நின்று போடும்போது பந்து ரிங்கின் வலது விளிம்பில், அதாவது அந்தப் பக்கத்தில் இடித்தால், போர்டில் நடுக்கோட்டுக்கு மிக அருகில் அடித்திருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் நேராக ரிங்கைப் பார்த்துக்கொண்டே போட்டதுதான். ரிங்கைப் பார்ப்பதை விடுங்கள். பந்தை வாங்கித் திரும்பியதிலிருந்து பந்து போர்டில் படும்வரை கண் அந்த நான்கு விரல் இடத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் பக்கத்து விளிம்பில் இடித்தால் வெளியே அதிகம் தள்ளி அடித்துவிட்டீர்கள். கையைத் திருத்தும் முன் காலைப் பாருங்கள்: திரும்பும்போது கீயின் பக்கம் கூடுதலாக நகர்ந்திருப்பீர்கள். நீங்கள் நிற்பது 35 பாகையில், அடிப்பது 45 பாகைக்கான இடத்தில்.

போர்டில் பட்டு, ரிங்கின் மேலாகப் பறந்து முன்னால் விழுந்தால் வேகம் அதிகம் அல்லது வளைவு குறைவு. வேகத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள், வளைவை ஏற்றுங்கள். வேகம் தானே குறையும். போர்டுக்கும் ரிங்குக்கும் நடுவே, ரிங்கின் பின்விளிம்பில் முட்டினால் உயரம் போதவில்லை. முழங்கால் மடங்கவில்லை என்று அர்த்தம், களைத்த பிறகு வரும் தப்பு இது. அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு பந்து வலதில், அடுத்தது இடதில், அடுத்தது மேலே என்று போனால் எதையும் திருத்தாதீர்கள். சாக்பீஸை எடுத்து, கால் படும் இடத்தைப் பத்து முறை குறியுங்கள்.

ஆறு வாரம்

வாரத்துக்கு நான்கு நாள், நாளைக்கு 120 ஷாட். அதற்கு மேல் போனால் கடைசியில் போடுவதெல்லாம் களைத்த காலின் தப்புகள்; தப்பையே பழகிக்கொள்வீர்கள்.

முதல் வாரம் கிட்டக்குறி மட்டும். திரும்புவது கிடையாது, எம்புவதும் கிடையாது. நின்ற இடத்திலிருந்து வலது கையால் மட்டும் 60, இரண்டு கையோடு 60. பத்துப் பத்தாகக் கணக்கு வையுங்கள். பத்துக்கு எட்டு என்று தொடர்ந்து மூன்று முறை வந்தால் நடுக்குறிக்குப் போகலாம். இரண்டாம் வாரம் நடுக்குறியில் அதே நின்ற ஷாட், எட்டுக்குப் பதில் ஏழு போதும். மூன்றாம் வாரம் ஷாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டு, பந்தைத் தானே முன்னால் சுழற்றி எறிந்து, ஓடிப் பிடித்து, இரண்டு காலில் இறங்கித் திரும்பிப் போடுங்கள். இந்த வாரம் எண்ணிக்கை சரியும், பத்துக்கு நான்குகூட வராது. பயப்பட வேண்டாம், கால் புதிது.

நான்காம் வாரத்திலிருந்து ஒருவர் பாஸ் தர வேண்டும். இடது விங்கில் (மைதானத்தின் பக்கவாட்டில்), மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று, நெஞ்சுக்கு மேலே வரும்படி பாஸ். ஐந்தில் ஜேப் ஸ்டெப்பைச் சேருங்கள். ஆறில் ஒருவர் தடுக்க நிற்கட்டும். உயரமானவர் கிடைக்காவிட்டால் குட்டையானவர் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் பந்தைத் தட்ட வேண்டியதில்லை, பார்வையை மறைத்தால் போதும். தூரக்குறியை இந்த ஆறு வாரத்துக்குள் தொட வேண்டாம். 15 அடியில் போர்டில் அடிக்கச் சிறுவர்களுக்கு வலு போதாது. தோளைச் சுழற்றி எறியத் தொடங்கிவிடுவார்கள், அந்தப் பழக்கத்தை எடுக்க ஆறு மாதமாகும்.

முழங்காலும் வயதும்

டங்கன் அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயில் வளர்ந்தவர். சிறுவயதில் நீச்சல்காரர், 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் அவருடைய போட்டி. 1989-ல் வீசிய ஹியூகோ புயல் தீவின் நீச்சல்குளத்தைச் சேதப்படுத்திய பிறகு, ஒன்பதாம் வகுப்பில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். தாமதமாக வந்தவர், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டும் முடித்து, உளவியல் பட்டத்தோடு 1997-ல், அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் முதல் தேர்வாக என்பிஏ போனார். அவசரப்படாமல் அடிப்படையைக் கட்டிக்கொள்ள அந்த நான்கு ஆண்டு உதவியது என்பது எங்கள் கருத்து.

2000-ல் இடது முழங்காலில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்து அந்த ஆண்டு பிளேஆஃபில் (சீசன் கடைசியில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) அவர் ஆடவில்லை. அதற்குப் பிறகும் 16 சீசன் ஆடினார். 38 வயதில், 2014-ல், ஐந்தாவது பட்டம் வென்றார். எம்பி எழுந்து ரிங்கில் அறைவதையே நம்பியிருந்தால் முழங்கால் அதுவரை விட்டிருக்காது. பேங்க் ஷாட் எழும்புதலைக் கேட்பதில்லை, நிற்கும் இடத்தைக் கேட்கிறது. வயதாவதால் இடம் மறந்துபோகாது. பின்னாட்களில் முழங்கால் சுமையைக் குறைக்க எடையையும் குறைத்துக்கொண்டார். பயிற்சியாளர் கிரெக் போபோவிச் அவருடைய ஆட்ட நேரத்தையும் கட்டுப்படுத்தினார். நாற்பதைத் தொட்ட பிறகு காலை நேரத்தில் ஆட வருகிறவர்களுக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும்: ஓட்டத்தைக் குறையுங்கள், இடத்தைக் கூட்டுங்கள். முழங்கால் வலிக்கும் நாளில் எம்பாமல் கிட்டக்குறியில் மட்டும் போடலாம். வீக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம்.

வீடியோவில் எதைப் பார்ப்பது

2003 ஜூன் 15 அன்று நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு எதிராக நடந்த இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் (புள்ளியாக முடிந்த பாஸ்), 8 பிளாக் (இங்கே, எதிராளியின் ஷாட்டைத் தடுத்தது). இணையத்தில் தொகுப்புகளாகக் கிடைக்கிறது, ஆனால் முழு ஆட்டமாகப் பாருங்கள். தொகுப்பில் ஷாட் மட்டும்தான் இருக்கும், ஷாட்டுக்கு முந்தைய மூன்று நொடியை வெட்டியிருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த மூன்று நொடி.

சத்தத்தை நிறுத்திவிட்டு, பந்தைப் பார்க்காமல் டங்கனை மட்டும் பாருங்கள். பாஸ் கிளம்பும் முன்பே இடுப்பால் தள்ளி இடத்தைப் பிடித்திருப்பார். அந்த இடம் கிடைக்காவிட்டால் பந்தை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி இடம் பிடிப்பார். இரண்டடி தள்ளி வாங்கிக்கொண்டு சமாளிக்கப் பார்க்கமாட்டார். இரண்டாம் முறை பார்க்கும்போது காலை மட்டும், நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் முறை, தடுப்பவர் எந்தப் பக்கம் சாய்ந்தபோது டங்கன் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று எழுதிவையுங்கள்.

பேங்க் ஷாட்டுக்கு இன்னும் பழைய ஆசிரியர் வேண்டுமென்றால், 1957 முதல் 1969 வரை பாஸ்டன் செல்டிக்ஸுக்கு ஆடி பத்துப் பட்டம் வென்ற சாம் ஜோன்ஸ். அவர் கார்டு, ஓடிவந்து நின்று போர்டில் அடிப்பவர். உயரம் குறைந்தவர்கள் டங்கனைவிட இவரிடம் அதிகம் எடுத்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தில்

முதல் சில ஆட்டங்களில் ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: குறிக்கு இரண்டு பக்கமும் ஓர் அடிக்குள் பந்து கிடைத்தால் பேங்க், அதற்கு வெளியே கிடைத்தால் பாஸ் அல்லது நேர் ஷாட். நடுவானத்தில் மனதை மாற்றி, நேராகப் போட நினைத்த பந்தைப் போர்டில் அடிப்பது எப்போதும் தவறும். இரண்டுக்கும் வளைவு வேறு, வேகம் வேறு.

உங்கள் பேங்க் ஷாட் நான்கைந்து விழுந்ததும் தடுப்பவர் உங்களை எண்ட் லைன் பக்கம் தள்ளப் பார்ப்பார். 60 பாகைக்கு அந்தப் பக்கம் போனால் போர்டு உங்களுக்கு உதவாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அப்போது இடத்துக்காக மல்லுக்கட்டாமல் வெளியே இரண்டடி எடுத்து, விங்கில் இருப்பவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, அவருக்கு ஸ்கிரீன் போட்டு (அவரைத் தடுப்பவரின் வழியில் மறித்து நின்று), சுழன்று உங்கள் குறிக்கே திரும்பி வாருங்கள். தடுப்பவர் ஸ்கிரீனைச் சுற்றி வருவதற்குள் திரும்பி நிற்க உங்களுக்கு ஒரு நொடி கிடைக்கும்.

வலது பக்கத்தை எப்போது பழகுவது என்று கேட்பார்கள். இடது பக்கம் ஆட்டத்தில், பயிற்சியில் அல்ல, பாதிக்குப் பாதி விழத் தொடங்கிய பிறகு. அப்போதும் சாக்பீஸிலிருந்தே தொடங்க வேண்டும்.